மழையில் நனையலாம், அழகும் கெடாது!

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறேன். ஆசைப்பட்டு வாங்கும் செருப்பெல்லாம் ஒரு மழைக்காலத்தோடு பாழாகிவிடுகிறது. புதுமையான, பார்க்க அழகான பெண்கள் காலணி பிராண்டுகளைச் சொல்வீர்களா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அன்புச் சகோதரி, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் உங்களுடையது. அங்கே செருப்புக்கு நிறம் பார்ப்பதற்கு முன்னால், அது எதனால் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் பிரேசிலின் மெலிசா. பிரெஞ்சுக் கடற்கரை மீனவர்கள் அணிந்த பிளாஸ்டிக் செருப்பைப் பார்த்து, 1979-இல் வலைப்பின்னல் போன்ற ஒரு காலணியைச் செய்தார்கள். மலிவுப் பொருள் என்று ஒதுக்கப்பட்ட பிளாஸ்டிக்குக்கு அவர்கள் கொடுத்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத்கூட 2008-இல் அவர்களுக்காக ஒரு காலணியை வடிவமைத்தார். சேறு பட்டால் குழாயடியில் காட்டினால் போதும். ஆனால், மூடிய மாடல் வேண்டாம். நம் புழுக்கத்தில் கால் வியர்க்கும். இடைவெளி விட்ட மாடலாகப் பாருங்கள்.

அமெரிக்காவின் ராத்திஸ், பழைய தண்ணீர் பாட்டில்களிலிருந்து எடுத்த நூலில் காலணி பின்னுகிறது. மழையில் ஊறத்தான் செய்யும். ஆனால் வாஷிங் மெஷினில் போட்டுத் துவைக்கலாம்.

பிரான்சின் வேஜாவை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அமேசான் காட்டில் பால் வெட்டுபவர்களிடம் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து ரப்பர் வாங்கி, ஷூவின் அடிப்பாகத்தைச் செய்கிறார்கள். விடியும் முன்னே ரப்பர் தோட்டத்துக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். உங்கள் மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கத்து ரப்பரிலும் இப்படியொரு பிராண்ட் பிறக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த மூன்றும் விலை கூடியவைதான். பணம் இடம் கொடுக்காவிட்டால், அதே குணங்களை உள்ளூர்க் கடையில் தேடுங்கள்: தண்ணீர் குடிக்காத மேல்பாகம், வரிப்பள்ளம் உள்ள ரப்பர் சோல், விரல்கள் நெருக்கப்படாத முன்பகுதி. மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும்.

கல்யாண வீட்டுக்கு? ஃபிஸி காப்லெட் என்ற நம் நாட்டு பிராண்ட், வடநாட்டின் ஜுத்தி என்ற பாரம்பரியக் காலணியின் உள்ளே மெத்தை வைத்துத் தைக்கிறது. பட்டுச் சேலைக்கு எடுப்பாக இருக்கும். கோலாப்பூரி செருப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025-இல் இத்தாலியின் பிராடா அதே சாயலில் செருப்பைக் காட்டிவிட்டு, எதிர்ப்புக்குப் பிறகு அதன் மூலம் இந்தியா என்று ஒப்புக்கொண்டது. அசலை நம் கைவினைஞர்களிடமே வாங்குங்கள். மழை நாளில் மட்டும் வெளியே எடுக்காதீர்கள். ஈரம் பட்டால் அந்தத் தோல் கெட்டுவிடும்.

இன்னொன்று. பியு (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை) சோல் வைத்த காலணியை ‘விசேஷத்துக்கு’ என்று பெட்டியிலேயே பூட்டி வைக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரமே அந்தச் சோலை உள்ளுக்குள் அரித்து, ஒருநாள் நடக்கும்போதே பொடிப்பொடியாக உதிரச் செய்யும். அடிக்கடி போட்டு நடந்தால் நீடிக்கும்.