கேள்வி-பதில்: பழைய வைக்கோல் பேலர் வாங்கலாமா?

கேள்வி: பக்கத்து ஊரில் ஒருவர், பஞ்சாபிலிருந்து கொண்டுவந்த பழைய சதுரக்கட்டு பேலரை (வயலில் கிடக்கும் வைக்கோலை அள்ளிக் கட்டாகக் கட்டும் மெஷின்) விற்கிறார். கட்டுக்கு இரண்டு கயிறு போடும் வகை. கொட்டகையில் டிராக்டரில் மாட்டி ஓட்டிக் காட்டினார். சத்தம் சுத்தமாக இருந்தது. என்னிடம் 45 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. சம்பா அறுவடைக்கு முன் வாங்கிவிடலாமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே வைக்கோல் போகாதவரை எந்த பேலரும் நன்றாகத்தான் ஓடும். வைக்கோலை அள்ளுவதும் அமுக்குவதும் முரட்டு வேலை, தேய்ந்த மெஷின்கூட ஓரளவு செய்துவிடும். கயிற்றில் முடிச்சுப் போடுகிற பகுதிதான் இந்த மெஷினுக்கு உயிர். அதை வயலில், காய்ந்த வைக்கோலில்தான் சோதிக்க முடியும். அறுவடை நடக்கிற ஒரு வயலுக்கு மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தை மாதப் பனி விலகி, வைக்கோல் உலர்ந்த பிறகு தொடங்கி, தொடர்ந்து ஐம்பது கட்டாவது போட்டுப் பாருங்கள். முதல் பத்துக் கட்டு நன்றாக விழுந்து, மெஷின் சூடேறிய பிறகு அவிழ ஆரம்பித்த கதையை நான் வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன்.

அவிழ்ந்த கட்டு கிடைத்தால் அதன் கயிற்றை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் முடிச்சு இருந்து மறுமுனை வெறுமையாக இருந்தால், கயிற்றைப் பிடிக்கும் தட்டோ, கயிற்றை முடிச்சுக்குக் கொண்டுவரும் ஊசியோ சரியான அமைப்பில் இல்லை. பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். முடிச்சுக்குப் பக்கத்தில் கயிறு நைந்து அறுந்திருந்தால், முடிச்சுப் போடும், பறவையின் அலகு மாதிரி இருக்கிற சிறிய கொக்கியைக் கவனியுங்கள். எஞ்சினை நிறுத்தி, பேலரில் சுற்றும் கனத்த சக்கரம் முழுதாக நின்ற பிறகு கொக்கியின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று இருக்க வேண்டும். துருவோ பள்ளமோ தட்டுப்பட்டால் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கட்டின் வெட்டுப்பட்ட பக்கத்தையும் பாருங்கள். கத்தி கூராக இருந்தால் அந்தப் பக்கம் சீவிவிட்டது போல இருக்கும். பிய்ந்து தொங்கினால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது அசையும் கத்திக்கும் அசையாத கத்திக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது. அந்த இடைவெளி 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டியது.

மெஷினின் வயதுக்காக மட்டும் பயப்பட வேண்டாம். முடிச்சுப் போடும் இந்த முறையே அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி 1870களில் கதிர்க்கட்டு கட்டும் மெஷினுக்காகச் செய்தது. அடிப்படை இன்றும் அதுதான். ஆனால் உதிரிபாகம் கிடைக்க வேண்டும். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள தகடு பேலரில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மெஷினுக்குச் சரியான பாகம் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

இனி உங்கள் வயலைப் பற்றி. இந்த வகை மெஷின் ஒரு டன்னுக்கு மேல் எடை வரும். டிராக்டருக்கு நேர் பின்னால் வராமல் ஒரு பக்கமாக விலகி வரும். அறுவடைக்குப் பிறகும் ஈரம் நிற்கிற சின்ன வயலில், வரப்போரம் திருப்புவது கஷ்டம். கேரளாவுக்கு லாரியில் ஏற்றும் வியாபாரி கையில் இருந்தால் சதுரக்கட்டு லாபம், இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். உள்ளூர் மாட்டுக்காரர்களுக்கு மட்டும் விற்பதென்றால் சிறிய உருளை பேலரே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

கேள்வி: போன வருடம் வாங்கிய பழைய பேலரில் ஷியர் போல்ட் நாளைக்கு ஐந்தாறு தடவை உடைகிறது. இன்னும் கடினமான போல்ட் போட்டால் நிற்கும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த போல்ட் உடைவதற்காகவே வைத்தது. அது உடையாவிட்டால் ஊசியோ கியர் பெட்டியோ உடையும். தயாரிப்பாளர் சொன்ன அளவிலும் தரத்திலும் உள்ள போல்ட்டையே போட்டு, அடிக்கடி ஏன் உடைகிறது என்று தேடுங்கள். பி.டி.ஓ. (டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொடுக்கும் தண்டு) வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு வருவதற்குள் வைக்கோலை விடுகிறீர்களா? வைக்கோல் ஈரமா? கத்தி மழுங்கலா? ஊசி உள்ளே இருக்கும்போது அமுக்கும் தலையைத் தடுத்து நிறுத்துகிற பாதுகாப்புப் பூட்டு சரியாக விலகுகிறதா? இந்த வரிசையில் பாருங்கள்.

அப்புறம், அடைப்பு எடுக்கும்போது எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பி.டி.ஓ.வை நிறுத்தினாலும் அந்தக் கனத்த சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தோளில் துண்டு வேண்டாம். பி.டி.ஓ. தண்டின் மூடி உடைந்திருந்தால் அதை மாற்றாமல் வயலில் இறங்காதீர்கள்.

கேள்வி: பழைய பேலரைக் கடையில் வாங்கி மோசம் போனால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? தொழிலுக்கு வாங்கியதென்று தள்ளிவிடுவார்களாமே?

பதில்: வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சரிதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் அது வியாபார நோக்கம் ஆகாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. நீங்களே ஓட்டிப் பிழைக்கிறீர்கள் என்றால் வழி இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள்.

அதற்கெல்லாம் ரசீது வேண்டும். வரிசை எண், ‘வயலில் ஓட்டிக் காட்டியது’ என்ற வரி, என்னென்ன பழுது சொல்லப்பட்டது என்பதெல்லாம் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மெஷின் மேல் வங்கிக் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.