மேலேயிருந்து வருதாக்கும்

அன்புள்ள அண்ணா,

பழைய வண்டிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை வாசித்துத்தான் எனக்கும் இந்தக் கிறுக்கு பிடித்தது. போன வருடம் குளச்சலில் ஒருவரிடமிருந்து ஒரு சான் ஸ்டார்ம் கார் வாங்கினேன். சிவப்பு, இரண்டு சீட், துணிக்கூரை. ஓட்டும்போது ராஜா மாதிரி இருக்கிறது, நிறுத்தினால்தான் பிரச்சினை. ராத்திரி போர்ட்டிகோவில் விட்டால் காலையில் டைல்ஸில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே சொட்டுகிறது. ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, கிராங்க்ஷாஃப்டின் பின்பக்கத்து ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். மாமா கெட்டி ஆயில் ஊற்றச் சொல்கிறார். அம்மா வண்டியையே விற்கச் சொல்கிறாள். இறக்கிவிடட்டுமா?

எஸ்., மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

இறக்க வேண்டாம். இப்போதைக்கு.

அம்மாவின் டைல்ஸை முதலில் கவனிப்போம். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஏதாவது இருந்தால் விரித்து வண்டிக்கு அடியில் போடுங்கள். முன் டயர்கள் நிற்கிற இடத்தை அட்டையில் பேனாவால் குறித்துவிட்டு, தினமும் அதே குறியில் நிறுத்துங்கள். மூன்று நாளில் சொட்டு எங்கெங்கே விழுகிறது, ஒரு இடமா இரண்டு இடமா என்று ஒரு வரைபடமே கிடைக்கும். அந்தச் சொட்டைத் தொட்டு வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். எஞ்சின் ஆயில் கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக நாற்றம் உண்டு, ஒரு தடவை மோந்தால் மறக்காது. கியர்பாக்ஸ் சீலில் வருவதை எஞ்சின் சீல் என்று நினைத்துச் செலவழித்தவர்கள் உண்டு.

உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. லிஃப்டில் ஏற்றி அண்ணாந்து பார்த்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் தொங்குகிறது, அதற்கு மிக அருகில் இருப்பது பின் சீல். ஆனால் எஞ்சினில் எங்கே கசிந்தாலும் ஆயில் கீழ்நோக்கித்தான் வழியும். போதாததற்கு ஓடும் வண்டியின் காற்று அதைப் பின்னால் தள்ளும். எஞ்சினின் உச்சியில் மூடியாக இருக்கும் டேப்பட் கவரில் கசிந்தது எஞ்சின் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, பெல் ஹவுசிங்கின் விளிம்பைப் பிடித்து, ஆகக் கீழே இருக்கும் முனையில் வந்து சொட்டும். ஓட்டு வீட்டில் மழை ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்களே. ஓடு உடைந்தது ஒரு இடம், பாத்திரம் வைப்பது வேறொரு இடம்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை, காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். மஸ்கட்டில் இருந்தபோது என்னிடம் முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்று இருந்தது, 1992 மாடல். உங்களுக்குச் சொட்டுகிற அதே இடத்தில்தான் அதற்கும் சொட்டியது. அங்கே ஒரு கராஜில் கியர்பாக்ஸை இறக்கி, பின் சீல் மாற்றி, கையோடு கிளட்சும் மாற்றினார்கள். பெரிய பில். எட்டாம் நாள் மறுபடி அதே இடத்தில் சொட்டு.

அப்புறம் அங்கே இருந்த, நம் கருங்கல் ஊர்க்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பையன்கள் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வண்டிக்கு அடியில் போகவே இல்லை. பானட்டைத் திறந்து, எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் கை நுழையாத சந்தில் இரண்டு விரலை விட்டுத் தடவினார். விரல் கருப்பாக நனைந்து வந்தது. “எஞ்சினை ஒண்ணும் செய்யாண்டாம். இது மேலேயிருந்து வருதாக்கும்” என்றார். அந்த வண்டியில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் பின்முனையில் கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒரு சாமான் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி ஓ-ரிங் என்று ஒரு ரப்பர் வளையம். சென்சார் திரும்பினால் தீப்பொறி விழுகிற நேரம், அதாவது இக்னிஷன் டைமிங், மாறிவிடும் என்று, கழற்றும் முன் அதன் மேலும் ஹெட்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டார். பழைய ரிங்கை எடுத்து என் கையில் கொடுத்தார். வளைத்துப் பார்த்தேன், கண்ணாடி வளையல் மாதிரி ஒடிந்தது. புதியது ஒரு சாயாக்காசுக்கு வந்தது. அந்த மாஸ்டாவில் இது உலகமறிந்த வியாதி என்று பிறகுதான் தெரிந்தது.

உங்கள் வண்டியின் கதை வேறு. கோவாவில் செய்த ஃபைபர் உடம்புக்குள் இருப்பது ரெனோவின் 1149 சிசி எஞ்சின், குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். அதனால் டேப்பட் கவரின் கியர்பாக்ஸ் பக்கத்து ஓரத்தில் பேக்கிங் ரப்பர் காய்ந்து இறுகியிருந்தால், வழிவது நேராகப் பெல் ஹவுசிங் மேல்தான் விழும். என் முதல் சந்தேகம் அங்கேதான். ஆனால் சந்தேகத்தை வைத்துச் சாமான் மாற்றக் கூடாது, பார்த்துவிட்டு மாற்றுவோம்.

மழை இல்லாத ஒரு நாளைப் பிடியுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் அதுவே பாதி வேலை. ஆறிய எஞ்சினில் ஆல்டர்னேட்டரையும் இக்னிஷன் காயிலையும் பாலிதீன் பையால் மூடிவிட்டு, டீகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மேலிருந்து கீழ்வரை கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், கனெக்டர்களுக்குள் தண்ணீர் ஏறிவிடும். பனியன் வேஸ்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு குழந்தைக்குப் போடும் பவுடரைப் பஞ்சில் தொட்டு டேப்பட் கவரின் விளிம்பு, ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோடு, ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டரின் கழுத்து, பெல் ஹவுசிங்கின் மேல்பக்கம் எல்லாவற்றிலும் ஒற்றுங்கள். சுழலும் பெல்ட் பக்கம் வேண்டாம். மேம்பாலம் ஏறித் தக்கலை வரை போய்த் திரும்பி வந்து, அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் கருப்புக் கோடு இறங்கியிருக்கும். கோட்டின் அடியை விட்டுவிட்டுத் தலையைத் தேடுங்கள். ஆகமேலே நனைந்த இடம் எதுவோ அதுதான் ஆள். பவுடரில் ஒன்றும் தெரியாவிட்டால், ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் அதற்கான புற ஊதா டார்ச்சும் ஆன்லைனில் கிடைக்கின்றன.

பிரீதர் குழாயையும் கழற்றி ஊதிப் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிஸ்டனைத் தாண்டிக் கீழே வரும் வாயு வெளியேற அதுதான் வழி. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அந்த நிலையில் புது சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் அதுவும் ஒழுகும்.

குளச்சல் வண்டி என்கிறீர்கள். உப்புக்காற்றில் நின்ற வண்டிக்கு, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பர் இரும்புத் தகடாக இருந்தால் துருவில் ஊசித்துளை விழும். அடியில் இருக்கும்போது அதையும் ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் பார்த்துவிடுங்கள்.

டேப்பட் கவர்தான் என்று தெரிந்தால் புது பேக்கிங் வாங்குங்கள். பழையதின் மேல் சிலிக்கான் பிதுக்கிக் கதையை முடிக்கப் பார்ப்பார்கள், சம்மதிக்காதீர்கள். உள்ளே பிதுங்கிய துண்டு உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினே போகும். போல்ட்டுகளைச் சின்ன ஸ்பேனரால் நடுவிலிருந்து வெளியே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பலம் காட்டினால் கவர் வளைந்து மறுபடி ஒழுகும்.

மேலே எல்லாம் காய்ந்திருந்து, பெல் ஹவுசிங்கின் உள்ளிருந்து மட்டும் ஆயில் வந்தால் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது தாராளமாக இறக்குங்கள். கியர்பாக்ஸின் முன் சீலையும் அன்றே மாற்றிவிடுங்கள், ஆயில் குடித்திருந்தால் கிளட்ச் பிளேட்டையும்.

மாமாவின் கெட்டி ஆயில் வேண்டாம். இறுகிய ரப்பரை அது இளக்காது, குளிர்ந்த எஞ்சினில் மேலே போய்ச் சேரத்தான் தாமதமாகும். அதுவரை தினமும் காலையில் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்து ஆயில் மட்டம் பார்த்து, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மட்டும் ஊற்றி ஓட்டுங்கள். சைலன்சர் பக்கம் புகையோ கருகல் வாடையோ வந்தால் மட்டும் ஓட்டாதீர்கள்.

பவுடர் போட்டு ஓட்டியதும் படம் எடுத்து அனுப்புங்கள். பானட்டைத் திறந்து மேலேயிருந்து எடுத்த படம் வேண்டும்.