மாவு டப்பாவில் இருந்த பணம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 34, சம்பளம் 38,000. மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு. கிரெடிட் கார்டில் 1,80,000 பாக்கி. மனைவியின் செயின் வேறு நகைக்கடனில் இருக்கிறது. இதுவரை கார்டுக்கு மினிமம் 9,000 மட்டும் கட்டி வந்தேன், ஒரு மாதமும் தவறியதில்லை. இழுத்துப் பிடித்தால் 14,000 வரை ஒதுக்கலாம்.

ஆறு மாதச் செலவை அவசர நிதியாகச் சேர்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். மூன்று சதவீதத்துக்குப் பணத்தைப் போட்டுவிட்டு நாற்பது சதவீதத்துக்குக் கடன் வைத்திருப்பவன் முட்டாள் என்கிறார் என் மச்சான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. (சென்ற மாதம் கோதுமை மாவு டப்பாவில் மனைவி வைத்திருந்த 16,500 ரூபாய் கண்ணில் பட்டது. மறுநாளே கார்டுக்குக் கட்டிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, இப்போது சரியாகிவிட்டார்.) எதை முதலில் செய்வது? சீட்டுப் போடலாமா? மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. தொடங்கலாமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

பணம் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள், என் வங்கிக் கணக்கைப் பார்த்தவர்கள் யாரும் என்னை அந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். உங்களுக்கு எழுதுவது அந்த அடைப்புக்குறிக்காக. கடிதத்தில் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு அதை மட்டும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் மச்சானின் கணக்கு. தவறே இல்லை. கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,80,000க்கு 6,300 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 1,134. ஆக 7,434. நீங்கள் பெருமையாக, தவறாமல் கட்டிவந்த 9,000ல் அசலுக்குப் போவது 1,566 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கெல்லாம் அன்றிலிருந்தே வட்டி ஓடும், ஐம்பது நாள் சலுகை என்பதெல்லாம் கிடையாது. ஆகவே அந்த அட்டையை இன்றோடு நிறுத்துங்கள். பீரோவில் பூட்டினால் போதாது, போனில் இருக்கும் கடைச் செயலிகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். தவணை தவறாதவர் என்பதால் அந்த 1,80,000ஐத் தனிநபர் கடனாக மாற்றித் தரச் சொல்லி வங்கியில் கேட்டுப் பாருங்கள். 16 சதவீதத்தில், 24 மாதத்துக்குக் கிடைத்தால் தவணை ஒன்பதாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். இப்போது கட்டும் அதே பணம், இரண்டு வருடத்தில் கடனே முடிந்துவிடும். மாதம் 5,000 கையில் நிற்கும்.

அந்த ஐயாயிரத்தையும் கடனுக்கே கட்டிவிடு என்பார் மச்சான். வேண்டாம் என்கிறேன்.

ஆறு மாதச் செலவு என்ற பேச்சைத் தூக்கி எறியுங்கள். அது கடனில்லாதவர்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசுவது. உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு மாத வாடகை, ஓர் இரவு ஆஸ்பத்திரி முன்பணம், அவ்வளவுதான். இருபது, இருபத்தைந்தாயிரம். ஏன் என்றால் நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள். தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு 21,000 சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கவேண்டும். இரண்டையும் தாண்டிவிட்டீர்கள். உங்கள் ஊர்ப் பிழைப்போ அமெரிக்காக்காரன் கையில். 2025 ஆகஸ்ட் கடைசியில் அங்கே இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆனபோது எத்தனை பேர் ஆர்டர் நின்றது என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்லவேண்டியதில்லை. கையில் ஒன்றும் இல்லாதவன் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எங்கே கை நீட்டுவான்? மறுபடி அதே கார்டு. அது தீர்ந்துவிட்டால் ஏழு நாள் கெடுவில் கடன் தந்துவிட்டு, எட்டாம் நாள் உங்கள் போனில் இருக்கும் அத்தனை பேருக்கும் உங்களை அசிங்கப்படுத்தும் படம் அனுப்பும் கடன் செயலி. மச்சானின் கணக்கில் அந்த ராத்திரி வரவில்லை.

என் அப்பாவும் கணக்கில் புலி. கோவில்பட்டியில் ஒரு பருத்தி மண்டியில் கணக்கு எழுதினார். 1979 தீபாவளிக்கு வந்த போனஸை அப்படியே கொண்டுபோய் வட்டிக்கடையில் கொடுத்து, கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்த புரோநோட்டை வாங்கிக் கிழித்துப்போட்டுவிட்டு வந்தார். அன்று அவர் வீட்டுக்குள் வந்த நடை இன்னும் நினைவிருக்கிறது. சட்டைப்பையில் பஸ்ஸுக்குக்கூட மிச்சமில்லை, அப்படி ஒரு நிம்மதி. எட்டே நாளில் தங்கச்சிக்கு டைபாய்டு. திரும்ப அதே வட்டிக்கடைக்குப் போக அப்பா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் சொல்லாமல் பக்கத்து வீட்டு அத்தையிடம் போனார். வரும்போது முந்தானையில் 140 ரூபாய்.

அத்தையிடம் கடன் வாங்கியது என்றுதான் அப்பா நினைத்தார். இல்லை. அது அம்மாவுடைய சிறுவாடு. எங்கள் வீட்டில் வைத்தால் அப்பா ஒவ்வொரு டப்பாவாக ஆட்டிப் பார்ப்பார், அத்தை வீட்டு மாமாவும் அப்படித்தான். அதனால் அம்மாவின் பணம் அத்தை வீட்டுக் கம்புப் பானையில், அத்தையின் பணம் எங்கள் வீட்டு மிளகாய்ப்பொடிக்கு அடியில். வேறொருத்தி பணம் என்பதால் இரண்டு பேருமே அதில் கைவைக்க முடியாது. இன்றைக்கு வேறு வங்கியில் கணக்குத் தொடங்கு, போனில் இணைக்காதே என்று நிபுணர்கள் சொல்வதை இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போகாமலே செய்திருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்தபோது அப்பா கேட்டார், இவ்வளவு வைத்துக்கொண்டு புரோநோட்டுக்குக் கட்டும்போது ஏன் சொல்லவில்லை என்று. ‘சொல்லியிருந்தா இன்னைக்கு இருந்திருக்குமா?’ அப்பா பதில் சொல்லாமல் நோட்டுகளை எண்ணினார். அந்த நேரத்திலும் எண்ணினார்.

அடுத்த மாதத்திலிருந்து அம்மா அந்த 140ஐத் தனக்குத்தானே திருப்பிக் கட்டினார். மாதம் பத்து ரூபாய், மேலே ஒரு ரூபாய். அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். வட்டி யாருக்கும்மா என்று கேட்டேன். ‘எனக்குத்தான்’ என்றார், ரொம்பச் சாதாரணமாக.

சரி, இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். இரண்டு நாள் கழித்து அம்மா ஒரு மஞ்சப்பையோடு என் அறை வாசலில் வந்து நின்றார். அப்போது அவருக்கு 74 வயது. பையில் 13,500 ரூபாய். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றார். நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா, இதே தளத்தில் ‘அம்மாவின் கறுப்புப் பணம்’ என்று ஒரு குறிப்பு எழுதினேன். நிறையப் பேர் ரசித்தார்கள். யாரோ அதை அம்மாவுக்குப் படித்தும் காட்டினார்கள்.

பணத்தை அவர் பெயரிலேயே வங்கியில் போட்டேன், அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை. கைபேசி எண் மட்டும் என்னுடையது, அவரிடம் போன் இல்லை. ஒரு நாள் குறுஞ்செய்தி வந்தது, 800 ரூபாய் எடுக்கப்பட்டது என்று. சாப்பிடும்போது, ‘எதுக்கும்மா எண்ணூறு?’ என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன். ‘சும்மாதான்’ என்றார். அதன் பிறகு அவர் அந்தக் கணக்கிலிருந்து எடுக்கவே இல்லை. 2021ல் அவர் போனபின் நாமினி என்ற முறையில் அந்தப் பணம் என்னிடம் வந்தது. அந்த 800 போக மிச்சம் அத்தனையும், வட்டியோடு. சில மாதங்களாக எதற்கோ அந்தப் பாஸ்புத்தகத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில்தான் உங்கள் அடைப்புக்குறி வந்து சேர்ந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஒரு ஜாக்கெட்டுக்கு நூறு ரூபாய் என்றால் 16,500 ரூபாய் 165 ஜாக்கெட். தைத்த காசு முழுவதையும் அவர் எடுத்து வைத்திருக்கமாட்டார், நூல், கொக்கி, மகளின் நோட்டு, உங்கள் வீட்டுக் காய்கறி எல்லாம் போகத்தான் வைத்திருப்பார். ஆகவே முந்நூறு, நானூறு ஜாக்கெட். எத்தனை மாதம் என்று அவரிடம் கேட்டீர்களா? அதைக் கட்டியதில் உங்களுக்கு மாதம் 681 ரூபாய் வட்டி மிச்சம், நானே போட்டுப் பார்த்துவிட்டேன். கார்டில் 1,80,000 ஏறியது எதனால் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதையும் பார்த்தேன். கேட்கமாட்டேன். உங்களிடம் கணக்குக் கேட்டால் எப்படி இருக்கும் என்று மட்டும் யோசியுங்கள்.

அவர் செயினை ஏற்கெனவே கொடுத்துவிட்டார், அது கேட்டு வாங்கியதாக இருக்கும் என்று நம்புகிறேன். இது கேட்காமல் எடுத்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டார் என்கிறீர்கள். என் அம்மாவும் என்னிடம் மறுநாளே சரியாகத்தான் பேசினார்.

அவசர நிதி சேர்ப்பதா, கடனை அடைப்பதா என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டில் அவசர நிதி இருந்தது. கடன் இருக்கும்போதே அதைச் சேர்க்க முடியும் என்று மாவு டப்பாவில் ஒருவர் செய்து காட்டியிருந்தார். வீட்டுக்குள்ளேயே நிபுணரை வைத்துக்கொண்டு யூடியூபில் தேடியிருக்கிறீர்கள். பெண்கள் ஒளித்து வைக்க நேர்ந்ததே அநியாயம், இதைப் போய்ப் பாராட்டுகிறீர்களா என்று நாளை ஒரு கடிதம் வரும். அநியாயம்தான், மறுக்கவில்லை. இப்போதைக்கு எடுத்த பணத்தைப் பற்றிப் பேசுவோம்.

கார்டுக் கடனை மாற்றியதும் கையில் நிற்கும் ஐயாயிரத்தை நான்கு மாதம் அவரிடம் கொடுங்கள். 20,000 வரும். 16,500 போக மிச்சம் வட்டி. கார்டுக்காரனுக்கு அழும்போது வராத யோசனை இதில் வரக்கூடாது. ஐந்தாம் மாதத்திலிருந்து உங்கள் பெயரில் தபால் ஆபீசில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி உங்களுக்கென்று இருபதாயிரம் சேருங்கள், அதன்பின் வருவதை நகைக்கடன் அசலில் கட்டி செயினை மீட்டுக் கொடுங்கள். நடுவில் நகைக்கடனின் கெடு வந்தால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க மறக்கவேண்டாம், ஏல நோட்டீஸ் வரும்வரை விடாதீர்கள். சீட்டு, பதிவு பெற்றதாக இருந்தாலும் இப்போது வேண்டாம்.

கொடுக்கும் பணத்தை அவர் எங்கே வைக்கிறார் என்று பார்க்காதீர்கள். மாவு டப்பாவில் இனி இருக்காது.

எஸ்.ஐ.பி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். செயின் அவர் கழுத்துக்கு வந்தபின் எழுதுங்கள்.