காய்கறியைக் கூட்டியதும் வயிறு ஊதுகிறதே, நிறுத்திவிடலாமா?

சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டி இரண்டு வாரம் ஆகிறது, சாயங்காலமானால் வயிறு பானை மாதிரி ஆகிவிடுகிறது, எனக்குக் காய்கறியே ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். அளவைப் பாதியாக்குங்கள், காயை மாற்றுங்கள். இந்தக் கூத்தை முழுசாக அனுபவித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

எனக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் வந்தது, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். மருத்துவர் மாத்திரை தரவில்லை, தட்டில் பாதி காயாக இருக்கட்டும் என்றார். அதுவரை என் அகராதியில் காய் என்றால் சாம்பாரில் கிடக்கும் இரண்டு முருங்கைத் துண்டும், ஓரமாக ஒரு கரண்டிப் பொரியலும்தான். மறுநாளே வேகம் வந்துவிட்டது. மதியம் டப்பா நிறைய முட்டைக்கோஸ் பொரியல், கூடவே பச்சை வெங்காயம் போட்ட சாலட். மாலை கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு காலிஃபிளவர். நாலாவது நாள், ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடந்த ஒரு மணி நேர மீட்டிங்கில் என் வயிறு போட்ட கடமுடா சத்தத்தைப் பக்கத்தில் இருந்தவர் கேட்காத மாதிரி நடித்தார். சத்தத்தோடு நின்றதே என்று நான் சாமிக்கு நன்றி சொன்னேன்.

அம்மாவிடம் சொன்னதற்கு, “எல்லாமே வாயுப் பதார்த்தம். ஒரே நாள்ல அத்தனையும் தின்னா வயிறு என்னடா பண்ணும்?” என்றார். அப்புறம் படித்துப் பார்த்தால், அவர் சொன்னதுதான் வேறு வார்த்தைகளில் இருந்தது. முட்டைக்கோஸிலும் கடலையிலும் ராஃபினோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கும் என்சைம் மனிதனின் சிறுகுடலில் கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேனும் உண்டாக்கும். தோசை மாவு பொங்குகிற மாதிரிதான், பாத்திரம் நம் வயிறு. வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான், காலிஃபிளவரிலும் காளானிலும் மானிட்டால், இவையும் இதே வேலையைச் செய்கிறவை. முட்டைக்கோஸிலும் காலிஃபிளவரிலும் கந்தகச் சேர்மங்கள் வேறு உண்டு. வாசத்துக்குக் காரணம் அதுதான்.

ஆக, ஊரில் இருக்கும் அத்தனை காய்களில் நான் பொறுக்கியெடுத்துச் சாப்பிட்டது வாயுக் கோஷ்டியை மட்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி சொல்கிறது. அந்த அளவு சரிதான். ஆனால் நூறு கிராமில் இருந்தவன் ஒரே நாளில் நானூறுக்குத் தாவக் கூடாது. குடலில் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் புதுச் சாப்பாட்டுக்குப் பழகச் சில வாரம் பிடிக்கும்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளைப் பூசணி, கேரட்தான். எல்லாம் நன்றாக வேகவைத்தது, பச்சைக் காயே கிடையாது. மதியம் மட்டும் ஒரு கப். அது பழகியதும் இரவுக்கும் ஒரு கப். முட்டைக்கோஸ் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்ப வந்தது, அதுவும் ஒரு கரண்டி. கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயு குறைகிறது. ராஃபினோஸ் தண்ணீரில் கரையும், அதில் கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். அம்மா கொத்தவரங்காயை வேகவைத்து வடித்துப் பிழிந்துதான் தாளிப்பார். சத்து போகிறதே என்று நான் வாதாடியிருக்கிறேன். இப்போது வாயைத் திறப்பதில்லை. (அதே கொத்தவரங்காயில் துவரம்பருப்பையும் சேர்த்து உசிலி செய்வார், அது வேறு கதை.)

பெருங்காயம், சீரகம், ஓமம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மனசுக்கு இதமாக இருந்தது, வயிற்றுக்கு எவ்வளவு உதவியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்குக் கண்கூடாகத் தெரிந்த வித்தியாசம் வேறு இரண்டில்: தண்ணீர் கூடுதலாகக் குடித்தது, இரவு ஒன்பதரைச் சாப்பாட்டை எட்டுக்குக் கொண்டுவந்தது. நார்ச்சத்தை மட்டும் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கல் வந்து உப்புசம் இன்னும் மோசமாகும்.

நீங்கள் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் புதிதாக ஆரம்பித்திருந்தால் அதையும் யோசியுங்கள். அந்த மாத்திரையே ஆரம்பத்தில் பலருக்கு வயிற்றைப் படுத்தும். காய் வாங்கிக் கட்டிக்கொண்ட பழி மாத்திரையுடையதாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடாத வாந்தி இருந்தால் சுரைக்காயை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், போய்க் காட்டிவிடுங்கள். ஐம்பது தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வந்த உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தாலும் அப்படித்தான்.

எனக்கு முழுசாக அடங்க ஆறு வாரம் ஆனது. இப்போது கிட்டத்தட்ட அந்த நானூறு கிராமைத் தொட்டுவிடுகிறேன். காலிஃபிளவரோடு மட்டும் இன்னும் ராசியாகவில்லை. அதைச் சனிக்கிழமை ராத்திரிக்கு ஒதுக்கிவிட்டோம்.