மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் நீரோட்டத்தோடு மிதந்து அலையும் சிறு விலங்குகளான விலங்குப் பிளாந்தன்களைச் சேகரிக்க டபிள்யூபி-2 வலையா, பொங்கோ வலையா பொருத்தம்?

எவற்றை எண்ணப் போகிறீர்கள் என்பதே இதைத் தீர்மானிக்கும். சிறு கோபிபாடுகளே (இறால் இனத்தோடு உறவுடைய நுண்ணிய ஓட்டுடலிகள்) இலக்கு என்றால், 57 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வாயும் 200 மைக்ரோமீற்றர் வலைக்கண்ணும் கொண்ட டபிள்யூபி-2 வலையை நிறுத்திய படகிலிருந்து செங்குத்தாக மேலிழுப்பதே என் தெரிவு. அதன் வாய்ப்பரப்பு 0.25 சதுர மீற்றர் என்பதால், 200 மீற்றர் ஆழத்திலிருந்து இழுத்தால் ஏறத்தாழ 50 கன மீற்றர் நீரே வடிக்கப்படும். அரிதான உயிரினங்களுக்கு அது போதாது. மீன் குடம்பிகளும் கூனிகளும் வேண்டுமானால், பக்கம்பக்கமாக இரு வலைகள் இணைந்த பொங்கோ சிறந்தது. அதன் இரு வாய்களுக்கும் முன்னால் கயிறு குறுக்கிடாததாலும், ஓடும் படகின் பின்னே சாய்வாக இழுக்கப்படுவதாலும், வேகமாக நீந்துபவை விலகித் தப்புவது குறைகிறது. ஆனால் பொதுவாகப் பொருத்தப்படும் 333 அல்லது 505 மைக்ரோமீற்றர் கண் வழியே சிறியவை வெளியேறிவிடும். ஆகவே இரு வலைகளின் எண்ணிக்கைகளையும் ஒரே அட்டவணையில் நேரடியாக ஒப்பிட வேண்டாம்.

வலை எதுவாயினும், அதனூடாகச் செல்லும் நீரை அளக்கும் நீரோட்டமானி வாயில் கட்டாயம் தேவை. கண்கள் அடைபட்டால் வடித்த நீரின் அளவு குறைவதை வேறு எதுவும் காட்டாது.

மட்டக்களப்பின் கல்லடிக்குக் கிழக்கே கண்டமேடை (கரையை அடுத்த ஆழம் குறைந்த கடலடிப் பகுதி) ஒடுக்கமானதால் கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே ஆழ்நீரை அடையலாம். பல உயிரினங்கள் இரவில் மேலேறிப் பகலில் கீழிறங்குவதால், பகல், இரவு இரண்டிலும் மாதிரி எடுங்கள். எந்த ஆழத்தில் எவை உள்ளன என்று பிரித்தறிய, குறித்த ஆழத்தில் மூடக்கூடிய வலை வேண்டும்.