நீத்துப்பெட்டியும் கல்யாணப் படமும்

அன்புள்ள அக்கா,

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தொடர்மாடி வீட்டில் இருந்துகொண்டு ஆறு மாதமாகப் படம் எடுக்கிறேன். போனில்தான். மொடலும் நான்தான். இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். முதலாவதில் பிட்டு அவிக்கிற ஓலைக் கூம்பான நீத்துப்பெட்டியை முகத்தில் மாட்டி, ஒரு கையில் குடையும் மறு கையில் பாரை மீனுமாக, அம்மாவின் கூறைச்சேலையில் நிற்கிறேன். இரண்டாவதில் நானே இரண்டு பேராகக் கதிரைகளில் இருக்கிறேன். முதலாவதைப் பார்த்தவர்கள் "நல்ல பகிடி" என்கிறார்கள். இரண்டாவதற்கு "எடிட் பண்ணினது தெரியுது" என்கிறார்கள். கனவுபோல விநோதமாக எடுக்கிற சர்ரியலிசம் என்று சொன்னால் இன்னும் சிரிக்கிறார்கள். எங்கே பிழை விடுகிறேன்?

உங்கள் வாசகி,
வெள்ளவத்தை

*

அன்புள்ள தங்கச்சி,

பகிடி என்றவர்களோடு கோபிக்க வேண்டாம். பிரெஞ்சுச் சர்ரியலிசக் கலைஞர் க்ளோட் காஹுன் 1927 அளவில் கன்னங்களில் இதயம் வரைந்து, மடியில் பளு தூக்கும் கட்டையை வைத்துக்கொண்டு, 'நான் பயிற்சியில் இருக்கிறேன், முத்தமிடாதே' என்று நெஞ்சில் ஆங்கிலத்தில் எழுதிய சட்டையோடு கமெராவுக்கு முன் இருந்தார். அதைப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். சிரித்து முடிந்த பிறகும் கண் அங்கேயே நிற்கும். காரணம், அந்த ஆள் ஸ்டூடியோவுக்குப் போனவர்போலக் கால்மேல் கால் போட்டு, வெகு ஒழுங்காக இருக்கிறார். இருக்கையில் ஒரு குழப்பமும் இல்லை.

உங்கள் முதல் படத்தில் பெட்டி, குடை, மீன், கூறை என்று நாலு விநோதங்கள். ஒன்றை நம்பத் தொடங்கமுன் மற்றது வந்து கையைப் பிடித்து இழுக்கிறது. மீனைக் கறிக்குக் கொடுங்கள், குடையை மடித்து வையுங்கள். கூறை இருக்கட்டும், ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் ஆட்களிடம் பெண்ணின் படத்துக்கு ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது. சாதகத்தோடு அனுப்புகிற முழுப்படம். உடல் சற்றே திரும்பி, முகம் நேரே, கொசுவம் கலையாமல், ஒரு கை பூச்சாடித் தாங்கியில். அதற்கும் முன்னால், வெள்ளைக்காரர் காலத்துக் கொழும்பு ஸ்டூடியோக்கள் இதே மாதிரி நிறுத்தியும் இருத்தியும் எடுத்த படங்களை 'தமிழ்ப் பெண்' என்று அடியில் போட்டு, பெயர் இல்லாமல், கப்பலில் வந்தவர்களுக்கு விற்றன. இலங்கைக் கலைஞர் அனோலி பெரேராவின் 2010-11 படவரிசை இந்த வழக்கத்துக்குத்தான் பதில் சொல்கிறது. பெண்கள் பழைய ஸ்டூடியோ முறைப்படியே இருக்கிறார்கள், ஆனால் கூந்தல் முழுவதும் முன்னால் விழுந்து முகத்தை மூடியிருக்கிறது. மாற்றியது அந்த ஒன்றை மட்டும்தான். பார்க்க வந்தவருக்குப் பார்க்க முகம் இல்லை.

ஆகவே நீங்கள் கல்யாணப் படத்தின் சட்டம் முழுவதையும் ஒரு புரோக்கர்கூடக் குறை சொல்ல முடியாதபடி கடைப்பிடியுங்கள். முகத்தில் மட்டும் பெட்டி. கூறை அங்கேதான் வேலை செய்யும். கொசுவத்துக்கு ஐந்தாறு ஊசி குத்தி, கீழ்விளிம்பு தரையோடு ஒரே மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் படத்தில் அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவசரத்தில் வேஷம் போட்டதுபோலத் தெரிவது பெட்டியால் அல்ல, இதனால்.

இனித் தூரம். நீங்கள் ஒரு மீற்றர் அளவிலிருந்து அகலக் கோணத்தில் எடுத்திருக்கிறீர்கள். பெட்டியின் நுனி முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறது. ஒரு மீற்றரில் அந்த நுனி மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும், மூன்று மீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. போனை 2x-இல் வைத்து, ஹோலுக்குள் இடம் போதாவிட்டால் அறைவாசலுக்குள் பின்வாங்கி, மூன்று மீற்றரில் நில்லுங்கள். ஐந்தடி நாலங்குல ஆளுக்கு மேலும் கீழும் ஒரு சாண் மிஞ்சும். போன் இடுப்பு உயரத்தில், சரியாமல் நிற்கவேண்டும். கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்தாலே கதவுநிலைகள் கீழே ஒடுங்கும், கால் குட்டையாகும், ஸ்டூடியோ மிடுக்குப் போய்விடும்.

பெட்டியைக் கையால் பிடிக்கவேண்டாம். விளிம்புப் பின்னலுக்குள்ளால் கறுப்பு இலாஸ்டிக் நாடாவைக் கோர்த்துக் கூந்தலுக்கு அடியில் கட்டுங்கள். நெற்றிப் பக்கம் மடித்த துணி ஒன்று வைத்தால் வழுக்காது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரவேண்டும், அப்போதுதான் ஓலைப் பின்னல் மேடுபள்ளமாகத் தெரியும். நேரே ஃபிளாஷ் அடித்தால் ஓலை காட்போட் ஆகிவிடும். கடற்பக்க யன்னல் என்றால் பின்னேர வெயில் நேரே உள்ளே அடிக்கும், வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி மறையுங்கள். டியூப் லைட்டை அணையுங்கள். யன்னல் வெளிச்சமும் அதுவும் இரண்டு நிறம், கூறையின் சிவப்பு ஒரு பக்கம் ஊதா தட்டும். அணைக்க முடியாவிட்டால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 இல் வையுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹேட்ஸ் என்பதால் வேறு வேகங்களில் படத்தில் பட்டை பட்டையாக விழக்கூடும்.

இரண்டாவது படத்தில் மூன்று இடங்களில் பிடிபடுகிறீர்கள். இடப்பக்கத்து உங்களின் நிழல் நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறது. வலப்பக்கச் சுவர் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. யன்னல் சீலை ஒரே நேரத்தில் இரண்டு விதமாகப் பறக்கிறது. மூன்றாவதற்கு மின்விசிறியை நிறுத்தினால் போதும். இரண்டாவது, போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்ததால் வந்தது. திரையில் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், நிறச் சமநிலையைப் பூட்ட முடியுமென்றால் அதையும். போனை முக்காலியில் வைத்து 10 செக்கன் டைமரில் எடுங்கள். முதலில் ஆளில்லாத அறை, பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். ஐந்து நிமிடத்துக்குள் மூன்றையும் முடியுங்கள், கொழும்பு மேகத்தை நம்ப முடியாது. இணைக்கும்போது ஆளை மட்டும் வெட்டாமல் அவள் நிழலையும் சேர்த்து எடுத்து, ஒன்றும் இல்லாத வெறும் சுவர்மேல் மென்மையான தூரிகையால் ஓரத்தைக் கரையுங்கள்.

ஆனால் ஒரே உடுப்பில் இரண்டு பேர் சும்மா இருந்தால், பார்ப்பவர் எப்படி எடுத்தது என்று மட்டும்தான் கேட்பார். ஒருத்தி மற்றவளுக்குத் தலை பின்னட்டும், வலிக்கிற அளவுக்கு இழுத்து. எடிட்டில் இது பெரும் தொல்லை, தொடுகிற இடத்தில் முடியும் துணியும் அசையவேண்டும். எடிட்டே இல்லாமலும் செய்யலாம். உங்கள் உயரத்துத் தோழி ஒருத்தி, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சேலை, இருவர் முகத்திலும் கூந்தல். ஈரத்தோடு முன்னால் வாரி அரை மணித்தியாலம் காயவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், யன்னல் வெளிச்சம் அதில் வெள்ளைக் கோடாகத் தெறிக்கும். வெளிர்நிறச் சுவருக்கு முன்னால் எடுங்கள். கறுப்பு முடி சட்டகத்தை நிறைத்தால் போன் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். காஹுனின் படங்கள் பலவற்றில் கமெராவுக்குப் பின்னால் நின்றவர் அவருடைய துணை மார்செல் மூர் என்றுதான் கருதப்படுகிறது. தோழியின் பெயரையும் படத்துக்குக் கீழே போடுங்கள்.

எடிட் பிடிக்காதவர்களுக்குக் கத்தரிக்கோல் இருக்கிறது. ஆர்ஜென்டினாவில் கிரேட்டே ஸ்டேர்ன் என்ற படக்கலைஞர் 1948 முதல் 1951 வரை ஒரு பெண்கள் இதழுக்கு, வாசகிகள் எழுதியனுப்பிய கனவுகளை ஒட்டுப்படங்களாகச் செய்தார். ஒன்றில் பெண் ஒரு மேசை விளக்கின் தண்டு, ஆண் கை ஒன்று சுவிட்சுக்கு நீள்கிறது. ஒட்டும்போது வெட்டிய தாளின் வெள்ளை விளிம்புதான் காட்டிக்கொடுக்கும். பின்பக்கத்திலிருந்து மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பைச் சாம்பல்நிறப் பென்சிலால் தடவுங்கள். பிறகு இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து மறுபடி படமெடுங்கள். எல்லாத் துண்டுகளிலும் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வருகிறதா என்று முதலிலேயே பாருங்கள், பிறகு திருத்த முடியாது. இதெல்லாம் கொழும்புக்குப் புதிதல்ல. இலங்கைப் படக்கலைஞர் லயனல் வென்ட் 1930களிலேயே இங்கே ஒட்டுப்படங்கள் செய்தவர். இன்றைக்குப் பலருக்கு அது நாடகம் பார்க்கப் போகிற ஒரு மண்டபத்தின் பெயர் மட்டும்தான்.

வெளியில் எடுப்பதென்றால் வெள்ளவத்தைத் தண்டவாளம் வேண்டாம். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது, முகத்தில் பெட்டியிருந்தால் தெரியவும் மாட்டாது.

அடுத்த முறை மூலக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் சுருக்கியதில் பெட்டியின் பின்னல் கரைந்துபோயிருந்தது.

அன்புடன்,
அக்கா