வாசகர் கேள்வி: பூட்டை மாற்றும் வைரஸ்

கேள்வி: எச்.ஐ.வி.க்கு எதிராக உடலே எதிர்ப்பொருளை (கிருமியைப் பற்றி முடக்கும் புரதத்தை) உண்டாக்கியும் தொற்று அடங்காதது ஏன்? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: இந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் கிடையாது. அதனால் ஒரே நோயாளியின் உடலிலேயே எண்ணற்ற திரிபுகள் பெருகி, மேலுறைப் புரதமும் அதை மறைக்கும் சர்க்கரைப் போர்வையும் மாறிக்கொண்டே இருக்க, முந்தைய வைரஸுக்காக உருவான எதிர்ப்பொருள் புதியதிடம் தோற்கிறது. உங்கள் ஊர்ப் பெரிய வீட்டின் சாவிக்கொத்து கையில் இருக்கும்போதே, இரவோடிரவாகப் பூட்டுகளை யாரோ மாற்றிவிட்டதைப் போன்ற நிலை அது.

மேலுறைப் புரதத்தில், சிடி4 என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளையணுவில் ஒட்டும் பகுதியை மட்டும் வைரஸால் எளிதில் மாற்ற இயலாது. அப்பகுதியைப் பற்றும் விஆர்சி01 என்னும் எதிர்ப்பொருளைச் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவுகளில், ஒட்டுமொத்தத் தொற்று குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அந்த எதிர்ப்பொருளுக்கு எளிதில் வசப்படும் திரிபுகளின் தொற்று மட்டும் சுமார் 75 விழுக்காடு குறைந்தது. எனவேதான் வெவ்வேறு இடங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்களைச் சேர்த்துத் தரும் முயற்சி நடக்கிறது.